கற்பார்க்கு உறுதுணை

ஏரி நிறைந்திருத்தல் மட்டும் விளைச்சலுக்குப் போதாது. மதகு திறக்கப்பெறல் வேண்டும்; வாய்க்கால் தூர் வாரப்பெற்றிருத்தல் வேண்டும்; நீர் வரும் நாளில் உழவன் மண்வெட்டியும் கையுமாக வரப்பின்மேல் நிற்றல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும், ஏரியில் நீர் தளும்பி நிற்கக் கடைமடைப் பயிர் கருகிப்போகும். வறிய மாணவரின் உயர்கல்வியும் இத்தகையதே. மேல்நிலைத் தேர்வில் நன்மதிப்பெண் பெற்றும், கல்லூரிக் கட்டணத்திற்கு வழியின்றிக் கூலி வேலைக்குச் செல்லும் இளைஞர் பலர். அவர்க்கென ஒதுக்கப்பட்ட பொருள் இல்லையோ எனின், உண்டு. அப்பொருள் தம் கைக்கு வந்து சேரும் வழியை உரிய காலத்தில் அறியாமையே அவருட் பலரைத் தடுத்து நிறுத்துகின்றது.

கற்பாரைப் பொருள் கொடுத்துப் பேணும் வழக்கம் தமிழகத்திற்குப் புதியதன்று. விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்னும் ஊர் உளது. பதினோராம் நூற்றாண்டில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், அவ்வூர்க் கோயிலைச் சார்ந்து பெரியதொரு கல்விச்சாலை நடைபெற்றது. அங்கே 340 மாணவர் பயின்றனர்; 14 ஆசிரியர் பயிற்றினர். மாணவர்க்கு நாள்தோறும் நெல் அளந்து கொடுக்கப்பெற்றது. அச்செலவிற்கென நிலமும் விடப்பெற்றிருந்தது. இவற்றை அவ்வூர்க் கல்வெட்டு விளக்கமாகக் கூறுகின்றது. பசித்த வயிற்றோடு இருப்பவன் ஏட்டில் மனம் செலுத்த இயலாது என்பதை அந்நாளையோர் நன்குணர்ந்திருந்தனர். ஆயினும் அக்கல்விச்சாலை வேதமும் வடமொழி இலக்கணமும் பயிலும் சிலர்க்கே உரியதாய் இருந்தது. உழவர் மகனும் நெசவாளர் மகளும் அதனுள் நுழைதற்கு இயலவில்லை. சிலர்க்கே கிட்டிய அவ்வுதவி, பலர்க்கும் உரிய உரிமையாய் மாறுதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

உதவித்தொகை ஒருவர் வாழ்வில் என்ன செய்யவல்லது என்பதற்குக் கணித மேதை சீனிவாச இராமானுசனின் வரலாறு சான்றாகும். அவர் 1904-ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மூழ்கியிருந்த அவர், பிற பாடங்களிற் கருத்தூன்றவில்லை. தேர்வில் தவறினார், உதவித்தொகையும் நின்றது. பட்டம் பெறாமலே பல ஆண்டுகள் வறுமையில் உழன்றார். 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராய் அமர்ந்தார். அடுத்த ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அவர்க்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. அன்றுதொட்டு அவர் கணிதத்திற்கே தம்மை ஒப்படைத்தார். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918-இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இழந்த உதவி அவரைத் தெருவில் நிறுத்தியது. பெற்ற உதவி அவரை உலக அரங்கில் ஏற்றியது. அறிவு இரு காலத்தும் ஒன்றே. துணை வாய்த்ததே வேறுபாடு.

அதே 1913-ஆம் ஆண்டில், அண்ணல் அம்பேத்கரும் ஓர் உதவித்தொகை பெற்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அளித்த அவ்வுதவி, மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உரியது. அதனைக் கொண்டே அவர் அமெரிக்க நாட்டுக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். பின்னாளில் அவர் அரசப் பிரதிநிதியின் நிருவாகக் குழுவில் உறுப்பினராய் வீற்றிருந்தார். அக்காலத்தில், 1944-ஆம் ஆண்டு, பட்டியல் இனத்து மாணவர் பள்ளிக் கல்விக்குமேற் பயிலுதற்கான அரசு உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1948-இல் அது பழங்குடி மாணவர்க்கும் விரிக்கப்பெற்றது. மன்னர் ஒருவரின் கொடையாய் இருந்தது, மக்கள் அனைவரின் கடமையாய் மலர்ந்தது.

அவ்வாறு மலர்ந்த உதவிகளுட் சிலவற்றை அறிந்துகொள்ளுதல் மாணவர்க்கு இன்றியமையாதது. முதல் வாயில் எட்டாம் வகுப்பிலேயே திறக்கின்றது. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் திட்டம் 2008-இல் தொடங்கப்பெற்றது. அரசு பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் பயில்வோர், பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின், இதற்குரிய தேர்வை எழுதலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டிற்கு 12,000 ரூபாய் வழங்கப்பெறும். நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய்! பதின்மூன்று வயதில் ஓர் அறிவிப்பைக் கவனியாது விடுதலால் நேரும் இழப்பு இத்துணை.

மேல்நிலைக் கல்வி முடித்தோர்க்கு வேறு வாயில்கள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தத்தம் வாரியத்துத் தேர்வில் முதல் 20 விழுக்காட்டினருள் வருவோர், குடும்ப வருமானம் 4.5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின், மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்பிற்கு அதன் அளவு ஆண்டிற்கு 12,000 ரூபாய் ஆகும். அரசு பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வியிற் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது; ஆண்களுக்கு அவ்வாறே அளிக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024-இல் தொடங்கியது. அரசு பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடம் 2020-இல் ஒதுக்கப்பெற்றது. 2021-இல் அவ்வொதுக்கீடு பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்கல்விகட்கும் விரிந்தது.

உதவிகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. அவற்றை மூவகையாகப் பகுத்தறிதல் நலம். முதலாவது உதவித்தொகை. இது மாணவர் கையில் வந்து சேர்வது. திருப்பிக் கொடுக்க வேண்டாதது. இரண்டாவது கட்டணச் சலுகை. இது கைக்கு வாராது. செலுத்த வேண்டிய கட்டணத்திற் கழிக்கப்பெறும். குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாத நிலையில் முதன்முதலாகத் தொழிற்கல்லூரிக்குச் செல்வோர்க்கு வழங்கும் முதல் பட்டதாரிச் சலுகை இவ்வகையினது. மூன்றாவது கல்விக்கடன். இது வங்கி தருவது. வட்டியுடன் திருப்ப வேண்டுவது. படிப்புக் காலமும் அதன்பின் ஏறத்தாழ ஓராண்டும் தவணை செலுத்த வேண்டுவதில்லையாயினும், அக்காலத்து வட்டி பொதுவாக வளர்ந்துகொண்டே இருக்கும். ஆதலின் முதல் இரண்டையும் முயன்று பார்த்து, எஞ்சும் தொகைக்கு மட்டும் கடன் கொள்ளுதல் அறிவுடைமை. உதவித்தொகைக்குரிய ஒருவர் அதனை அறியாமற் கடன் பெறுவாராயின், வீட்டுக் கிணற்றைத் தூர்த்துவிட்டு விலைக்கு நீர் வாங்கியவர் ஆவார்.

இனி, உரியவர்க்கு உதவி சேராமைக்குக் காரணம் யாது? மதிப்பெண் குறைவன்று; பெரும்பாலும் தாள்களின் குறைவே. சிற்றூர் மாணவி ஒருத்தி இருப்பதாகக் கொள்ளலாம். அவள் தந்தை நாட்கூலி பெறுபவர். பள்ளிச் சான்றிதழில் அவள் பெயர் முன்னே தலைப்பெழுத்தோடு உளது. ஆதார் அட்டையில் தந்தையின் முழுப்பெயர் அவள் பெயரின் பின்னே நிற்கின்றது. வங்கிக் கணக்கிலோ தலைப்பெழுத்தே இல்லை. ஊரார்க்கு அவள் ஒருத்தியே. கணிப்பொறிக்கோ அவள் மூவர்! விண்ணப்பம் திரும்பி வருகின்றது. திருத்தம் செய்ய அலைவதற்குள் இறுதி நாள் கடந்துவிடுகின்றது. தந்தை இழந்த கூலியும், மகள் சிந்திய கண்ணீருமே எஞ்சுகின்றன. அவள் அறிவிற் குறைந்தவளா? இல்லை. உழைப்பிற் குறைந்தவளா? அதுவும் இல்லை. ஆறு திங்கள் முன்னரே எவரேனும் அவளுக்கு ஒரு சொற் சொல்லியிருப்பின், அவள் இன்று கல்லூரியில் இருந்திருப்பாள்.

ஆதலின் பதினோராம் வகுப்பிலேயே மாணவர் சில ஆயத்தங்களைச் செய்துகொள்ளல் வேண்டும். பள்ளிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயரும் பிறந்த நாளும் ஒத்திருக்கின்றனவா என எழுத்தெழுத்தாக ஒப்புநோக்குதல் முதற்பணி. தம் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கி, அதனை ஆதாருடன் இணைத்தல் இரண்டாவது பணி. அரசு தரும் தொகை இடைநிற்பார் எவருமின்றி அக்கணக்கிற்கே நேரே வருகின்றது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வேண்டுவோர்க்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பெறுதல் மூன்றாவது பணி. இவற்றிற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என ஒருவர்பின் ஒருவராய் ஆய்ந்து வழங்குவராதலின், நாட்கள் செல்லும் என்பதை உணர்ந்து முற்படல் வேண்டும். வருமானச் சான்றிதழ் என்றும் செல்லத்தக்கதன்று. அவ்வப்போது புதிதாய்ப் பெற வேண்டுவது. தொகை ஓராண்டு வந்ததாயின் மறு ஆண்டும் தானே வரும் என்று எண்ணி இருத்தலும் தவறு. பல உதவிகள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பெறல் வேண்டும். தேர்ச்சியும் வருகையும் குறையாதிருத்தல் வேண்டும். இராமானுசன் போன்ற பேரறிஞர்க்கும் விதி தளரவில்லை அன்றோ?

எச்சரிக்கையும் வேண்டும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் ஏதும் இல்லை. "முன்பணம் கொடு, உதவித்தொகை வாங்கித் தருகிறேன்" என்பார் சொல்லை நம்புதல் ஆகாது. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பிறர்க்கு உரைத்தல், வீட்டுச் சாவியைக் கள்வன் கையிற் கொடுத்தலை ஒக்கும். ஐயம் நேரின் தலைமையாசிரியரையோ வகுப்பாசிரியரையோ வினவித் தெளிதலே தக்கது.

சிலர் உதவித்தொகை கேட்டலை இரத்தல் எனக் கருதி நாணுகின்றனர். அந்நாணம் பொருளற்றது. அரசின் கருவூலம் மக்கள் செலுத்தும் வரியால் நிறைவது. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் அதன் விலையோடு வரியையும் செலுத்துகின்றான். அவன் மகள் பெறும் உதவி பிச்சையாதல் எங்ஙனம்? அவள் பெறுவது தனக்குரிய பங்கையே. அப்பங்கைப் பெற்றுக் கருத்தூன்றிக் கற்றலே அதற்கு அவள் செலுத்தும் கைம்மாறு.

கைம்மாறு மற்றொன்றும் உண்டு. உதவி பெற்றுக் கல்லூரியிற் பயிலும் இளைஞன் பொங்கல் விடுமுறைக்கு ஊர் வருகின்றான் என்க. தான் தடுக்கி விழுந்த இடங்களை அவன் அறிவான். தெருவில் உள்ள இளையோர் நால்வரை அழைத்து, அவர்தம் சான்றுகளைத் திண்ணையில் விரித்து, பிழையுள்ள பெயரைச் சுட்டிக்காட்டித் திருத்தத்திற்கு ஒருவரை இ-சேவை மையத்திற்கு அழைத்துச் செல்வானாயின், அவனுக்கு ஆகும் செலவு ஒரு பகற்பொழுதே. அவர்க்கு விளையும் பயனோ ஒரு வாழ்நாள். ஆசிரியர் கரும்பலகையின் ஓரத்தில் விண்ணப்ப இறுதி நாளை எழுதி வைத்தலும், படித்த அண்டை வீட்டார் படியாத பெற்றோர்க்கு அறிவிப்பைப் படித்துக் கூறுதலும் இத்தகைய அறமே. பொருள் கொடுத்து உதவ எல்லாராலும் இயலாது. வழி காட்டி உதவ எவராலும் இயலும்.

ஏரியை நிறைத்தல் அரசின் கடமை. மதகைத் திறத்தல் அலுவலரின் கடமை. வாய்க்காலைத் தூர் வாரி, நீர் கடைமடை வரை செல்கின்றதா எனக் காணுதல் ஊரார் அனைவரின் கடமை. நீர் வரும் நாளை அறிந்து மண்வெட்டியோடு காத்திருத்தலோ மாணவரின் கடமை. இந்நான்கும் ஒருங்கே நிகழுமாயின், வறுமையால் வாடிய கல்விப் பயிர் என்பது நாட்டில் ஒன்றேனும் இராது.