தெரு எவ்வளவு வேகத்தைத் தாங்கும்?

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளை நீங்கள் அறிவீர்கள். அவை மூலைக்கு மூலை செங்கோணமாகத் திரும்புகின்றன. எவ்வளவு ஆற்றல் மிக்க வண்டியானாலும் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். "மெதுவாகச் செல்க" என்று பலகை வைக்கத் தேவையில்லை. தெருவின் வடிவமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இனி ஆற்றைக் கடந்து பாளையங்கோட்டைப் பக்கம் வாருங்கள். மகாராஜநகர், பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, கே.டி.சி. நகர் என்று ஊர் விரிந்துகொண்டே போயிருக்கிறது. கன்னியாகுமரிக்குச் செல்லும் நான்குவழிச் சாலையை ஒட்டிப் புதிய மனைப் பிரிவுகள் தோன்றுகின்றன. அங்கே தெருக்கள் பெரும்பாலும் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் நேராக இருக்கும். "முப்பதடிச் சாலை, நாற்பதடிச் சாலை" என்று விளம்பரத்தில் பெருமையாகவும் போடுவார்கள். ஆனால் நேரான, அகலமான சாலை வண்டி ஓட்டுபவரைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வேகமாகப் போ" என்று சொல்லாமல் சொல்கிறது. அதே சாலையில்தான் செங்கல் லாரியும் வருகிறது. பந்தைத் துரத்திக்கொண்டு குழந்தையும் ஓடி வருகிறது.

அப்படியானால், ஒரு குடியிருப்புத் தெரு எவ்வளவு வேகத்தைத் தாங்கும்? இயற்பியலிடமே கேட்போம்.

ஒரு விநாடியில் நடப்பது என்ன?

மதில் சுவரின் மறைவிலிருந்து ஒரு குழந்தை திடீரென்று தெருவுக்கு வருகிறது. வண்டிக்கும் குழந்தைக்கும் இடையே 15 மீட்டர் இருப்பதாகக் கொள்வோம். ஓட்டுபவர் குழந்தையைப் பார்த்து, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடியும் வண்டி பழைய வேகத்திலேயே ஓடுகிறது. அதன் பிறகுதான் பிரேக் பிடிக்கத் தொடங்குகிறது. உலர்ந்த தார்ச் சாலையில் பிரேக்கினால் விநாடிக்கு விநாடி 6 மீட்டர் வீதம் வேகம் குறையும் என்று வைத்துக்கொள்வோம்.

வண்டியின் வேகம் மணிக்கு 30 கி.மீ. என்றால், அது விநாடிக்கு 8.3 மீட்டர். முதல் விநாடியில் 8.3 மீட்டர் போய்விடுகிறது. பிரேக் பிடித்தபின் இன்னும் 5.8 மீட்டர். மொத்தம் 14 மீட்டருக்குச் சற்றே அதிகம். வண்டி நின்றுவிட்டது, குழந்தை பிழைத்தது!

வேகம் 50 கி.மீ. என்றால்? விநாடிக்கு 13.9 மீட்டர். முதல் விநாடியிலேயே 13.9 மீட்டர் முடிந்துவிட்டது. பிரேக் பிடிக்க மீதமிருப்பது ஒரு மீட்டர் சொச்சம்தான். வண்டி குழந்தையை மோதும்போது அதன் வேகம் மணிக்கு 48 கி.மீ.! அதாவது பிரேக் பிடித்தும் ஏறக்குறையப் பிடிக்காதது போலத்தான்.

30-க்கும் 50-க்கும் 20 கி.மீ.தான் வேறுபாடு. ஆனால் ஒன்றில் மோதலே இல்லை. மற்றொன்றில் முழு மோதல். 48 கி.மீ. வேக மோதல் எத்தகையது என்று அறிய ஒரு வழி உண்டு. வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள். 9 மீட்டர் வரும். மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம் அது.

இங்கே கவனிக்க வேண்டியது வர்க்கம் என்னும் சொல். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது; பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் நான்கு மடங்காகிறது. ஐப்பசி மழையில் சாலை நனைந்து உராய்வு பாதியானால், 30 கி.மீ. வேக வண்டிக்கே நிற்க 20 மீட்டர் வேண்டும். மக்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் உச்ச வேகம் 30 கி.மீ. ஆக இருக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு கூறியது. அதற்கான காரணம் நம் சின்னக் கணக்கிலேயே தெரிகிறதல்லவா?

வேகத்தடைக்குள் ஒரு வட்டம்

வேகத்தைக் குறைப்பது எப்படி? உடனே "வேகத்தடை போடு" என்பீர்கள். சரி, எப்படிப்பட்ட வேகத்தடை?

காம்ப்டன் விளைவு பற்றி மேல் வகுப்புகளில் படிப்பீர்கள். அதற்காக 1927-இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் ஹோலி காம்ப்டன், 1953-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்க மேடுகளை வடிவமைத்தார். எக்ஸ் கதிர்களை ஆராய்ந்த அறிஞர் தெருவையும் ஆராய்ந்தார்! பிறகு 1970-களில் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் வாட்ஸ் என்பவர் பல வடிவ மேடுகளைச் சோதித்து, 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மேட்டைப் பரிந்துரைத்தார். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்னும் பொறியாளர் அமைப்பு 1988-இல் வெளியிட்ட நெறிமுறைகளிலும் இதே அளவு உண்டு. வண்டி அதை 25 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டும் என்பது நோக்கம்.

இந்த மேடு ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டு. நாண் 3.7 மீட்டர், உயரம் 0.10 மீட்டர் என்றால் ஆரம் என்ன? வடிவியல் பாடத்தைப் பயன்படுத்திப் பாருங்கள். சுமார் 17 மீட்டர் வரும். வட்டப் பாதையில் செல்லும் பொருளுக்கு மையநோக்கு முடுக்கம் வேண்டும். அது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தது. 25 கி.மீ. வேகத்தில் அது 2.8. ஆகவே மேட்டின் உச்சியில் உங்கள் எடை முப்பது சதவீதம் அளவுக்குக் குறைந்ததுபோல் தோன்றும். வயிற்றில் இலேசாகக் கூசும், அவ்வளவுதான். 50 கி.மீ. வேகத்தில் அது 11-ஐத் தாண்டுகிறது. ஈர்ப்பு முடுக்கமோ 9.8தான்! ஸ்பிரிங்குகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால், சக்கரம் சாலையை விட்டே எழும்ப வேண்டும். வேகமாக வருபவரை மட்டும் தண்டித்து, மெதுவாக வருபவரை மன்னிக்கும் நீதிபதி இந்த வட்டம்.

இப்போது பல தெருக்களில் நாம் காணும் மேட்டை எடுத்துக்கொள்வோம். உயரம் அதே 10 செ.மீ., ஆனால் அகலம் ஓரடி, அதாவது 30 செ.மீ. இதன் ஆரத்தைக் கணக்கிட்டால் வருவது 16 செ.மீ. மட்டுமே! ஸ்கூட்டர் சக்கரத்தின் ஆரத்தைவிடவும் சிறியது. இது வளைவே அல்ல, ஒரு படிக்கட்டு. மெதுவாக ஏறும் சைக்கிளையும், ஆட்டோவில் வரும் நோயாளியையும் இது தூக்கிப் போடுகிறது. நல்ல ஸ்பிரிங் உள்ள காரோ விரைவாகத் தாண்டினால் அதிர்ச்சியை ஸ்பிரிங்கே வாங்கிக்கொள்கிறது. குற்றவாளி தப்புகிறான், நிரபராதி அடிபடுகிறான். அதன்மீது கறுப்பு வெள்ளைப் பட்டை இல்லாவிட்டால் இரவில் அதுவே விபத்துக்குக் காரணமாகிவிடும்.

மேடு மட்டுமே வழியன்று. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960-களின் பிற்பகுதியில், நேரான தெருக்களில் மரங்களும் பூந்தொட்டிகளும் வைத்து வண்டி வளைந்து வளைந்து போகும்படி செய்தார்கள். அத்தகைய தெருக்களுக்கு "வாழும் முற்றம்" என்று பொருள்படும் பெயர் உண்டு. 1976-இல் அந்நாட்டுச் சட்டமே அவற்றை ஏற்றுக்கொண்டது. நம் ரத வீதியின் மூலை செய்யும் வேலையை அங்கே மரம் செய்கிறது! புது மனைப் பிரிவில் சாலை போடும் முன்பே இதைச் சிந்தித்தால் செலவும் குறைவு.

நீங்களே அளக்கலாம்

உங்கள் தெருவில் வேகம் எவ்வளவு? ரேடார் கருவி வேண்டாம். நாடாவும் நிறுத்துக் கடிகாரமும் போதும். பெரியவர் ஒருவர் துணையுடன், தெருவோரமாக 50 மீட்டர் அளந்து, இரு முனைகளிலும் ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு கேட்டுக்கு உள்ளேயோ மொட்டை மாடியிலோ நின்று, ஒரு வண்டி அந்தத் தூரத்தைக் கடக்கும் விநாடிகளை எண்ணுங்கள். 180-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வேகம் கிடைக்கும். 6 விநாடி என்றால் 30 கி.மீ.; 3.6 விநாடி என்றால் 50 கி.மீ. ஏன் 180? நீங்களே கண்டுபிடியுங்கள்.

இப்படி 20 வண்டிகளை அளந்து, குறைந்த வேகத்திலிருந்து வரிசையாக எழுதுங்கள். பதினேழாவது வண்டியின் வேகத்தைப் பாருங்கள். நூற்றுக்கு 85 பேர் இந்த வேகத்துக்குள் போகிறார்கள் என்று பொருள். சாலைப் பொறியாளர்களும் இந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அது 30-க்கு மேல் இருந்தால், அட்டவணையையும் தெருவின் வரைபடத்தையும் இணைத்து, பெற்றோர் கையெழுத்துடன் மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ மனு கொடுங்கள். மேடு கேட்டால் அதன் அகலத்தையும் சேர்த்து எழுதுங்கள்: 3.7 மீட்டர்!

"வண்டிகள் ரொம்ப வேகமாகப் போகின்றன" என்றால் அது புகார். "20 வண்டிகளில் 14 வண்டிகள் 30-ஐத் தாண்டின" என்றால் அது சான்று. புகாரை ஒதுக்கிவைப்பது எளிது. அளந்து எழுதிய எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.