அடுத்த ஆட்டத்துக்கு முன் ரோபோவைக் கவனிப்பது எப்படி?

2016 ஆகஸ்டில் பாங்காக்கில் நடந்த ஏபியூ ரோபோகான் போட்டியில், ஜொகூர் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் வாகை சூடினார்கள். 2002 முதல் நடந்துவரும் ஆசிய பசிபிக் போட்டி அது. அந்த ஆண்டு விதி கடுமையானது. இரண்டு ரோபோக்களில் ஒன்றுக்குத் தன்னை ஓட்டிக்கொள்ள மோட்டாரே இருக்கக் கூடாது. மற்ற ரோபோ அதைத் தொடாமல், காற்று போன்ற விசையால் நகர்த்த வேண்டும். சக்கர அச்சில் நாலைந்து முடி சுற்றிக்கொண்டால்கூட அப்படிப்பட்ட ரோபோ தடுமாறும். ஆட்டமோ மூன்றே நிமிடம். அதனால் ஆட்டங்களுக்கு இடையில் கிடைக்கும் நேரம் ஆட்டத்தைப் போலவே முக்கியம்.

அந்த நேரத்தில் ரோபோவை மேம்படுத்தப் பார்க்காதீர்கள். போன ஆட்டத்துக்கு எந்த நிலையில் களம் இறங்கியதோ, அதே நிலைக்குக் கொண்டுவாருங்கள். தோற்ற குழு செய்யும் முதல் காரியம் லேப்டாப்பைத் திறந்து புரோகிராமை மாற்றுவதுதான். காலையில் சரியாக ஓடிய புரோகிராம் மதியம் தானாகக் கெட்டுப்போகாது. கெட்டிருப்பது பெரும்பாலும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஏதோ ஒன்று.

முதலில் பேட்டரி. மின்னழுத்தம் இறங்கினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். 'இரண்டு விநாடி முன்னே போ' என்று எழுதப்பட்ட ரோபோ அப்போது கோட்டுக்கு முன்பே நின்றுவிடும். பார்ப்பவருக்குப் புரோகிராம் பிழை போலத் தெரியும். லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒவ்வொரு செல்லும் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெடத் தொடங்கும். மொத்த அளவை மட்டும் பார்த்தால் போதாது. ஒரே ஒரு செல் தளர்ந்திருந்தாலும் மற்றவை அதை மறைத்துவிடும். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜில் போடவே கூடாது. தீ தாங்கும் பையில் வைத்து உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். இதில் பிள்ளைகளின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. அடுத்த ஆட்டம் போனாலும் பரவாயில்லை.

அடுத்தது வயர். மோதலிலும் அதிர்விலும் இணைப்புகள் இளகும். ரோபோவைக் கட்டை மேல் தூக்கி வைத்து, சக்கரம் தரையில் படாதபடி இயக்குங்கள். கையும் உடையும் சுழலும் பாகங்களில் படாமல், ஒவ்வொரு இணைப்பாக லேசாக ஆட்டிப் பாருங்கள். எதை ஆட்டும்போது மோட்டார் விட்டு விட்டு ஓடுகிறதோ, கோளாறு அங்கேதான். அந்த நெருக்கடியில் சாலிடரிங் செய்ய உட்காராதீர்கள். வீட்டிலேயே செய்து சோதித்த மாற்று வயரை மாட்டி, இணைப்புக்கு அருகில் கேபிள் டை போட்டு இறுக்குங்கள்.

போல்ட்டுகளுக்கு எளிய வழி உண்டு. இறுக்கியபின் நட்டிலிருந்து சட்டம்வரை மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு இளகியிருக்கிறது. எல்லாவற்றையும் ஸ்பானரால் சோதிக்கும் நேரம் மிச்சம். நட்டு இளகாமல் இருக்கப் போடும் பசை உலோகத்துக்கு நல்லது. சில பிளாஸ்டிக்குகளை அது விரிசல் விடச் செய்யும்.

சக்கர ரப்பரை ஈரத்துணியால் துடையுங்கள், அச்சில் சுற்றிய முடியை எடுங்கள்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் கலந்துகொள்ளும் உலக ரோபோ ஒலிம்பியாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. பயிற்சி நேரம் முடிந்ததும் ரோபோவை நடுவர் மேசையில் வைத்துவிட வேண்டும்; தங்கள் முறை வரும்வரை தொட முடியாது. எனவே பழுதுபார்ப்பது முழுவதும் பயிற்சி நேரத்துக்குள் முடிய வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பார்க்கச் செலவழிக்காமல் சோதிக்க ஒதுக்குங்கள். கோட்டைப் பின்தொடரும் நிற சென்சாரை அந்த மண்டபத்து வெளிச்சத்திலேயே மறுபடி அளவீடு செய்யுங்கள். வகுப்பறையில் எடுத்த அளவு அங்கே பொருந்தாமல் போகலாம்.

புரோகிராமைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், ஓடிக்கொண்டிருந்த பழைய வடிவத்தை முதலில் தனியாகச் சேமியுங்கள். பிறகு ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

போட்டி முடிந்த மாலையில் லித்தியம் பேட்டரிகளை முழுச் சார்ஜோடு பையில் போடாதீர்கள். செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து, குளிர்ச்சியான இடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஜொகூர் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒருபோதும் விட்டுச் செல்லாதீர்கள்.