கழற்றிப் பூட்டத் தெரிந்தவன்

வீட்டுக்கு வந்த எந்திரங்கள் – 14

சென்ற வாரம் கிணற்று மோட்டாரைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு அக்கா வீட்டுக்காரர் பெரம்பலூரிலிருந்து போன் செய்தார். "மோட்டார் கதை நல்லா இருந்துச்சு மாப்ள. நம்ம பய சிஸ்டம் வாங்குன கதையையும் எழுதுங்க. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

2025 கோடையில் நடந்தது இது. அக்கா மகன் பெரம்பலூரிலேயே ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டை முடித்திருந்தான். இரண்டு ஆண்டாகச் சேர்த்த காசு, தீபாவளிக்குக் கிடைத்தது, சின்ன வெங்காயம் விற்ற பணத்தில் அப்பா கொடுத்தது என எல்லாமாக எழுபதாயிரம் ரூபாய் கையில் இருந்தது. கேம் ஆடுவதற்கென்றே ஒரு கணினி வேண்டும், அதிலேயே படிப்புக்கான மென்பொருளும் ஓட வேண்டும் என்பது அவன் ஆசை. அரியலூரிலிருந்து நான் போயிருந்தபோது நோட்டுப் புத்தகத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"மாமா, கடையில ரெடியா இருக்கிறத வாங்கலாமா, பார்ட்ஸ் வாங்கி நாமளே அசெம்பிள் பண்ணலாமா?"

நான் வாய் திறப்பதற்குள் திண்ணையிலிருந்து அவன் அப்பா கேட்டார். "ரெண்டுல எது ரிப்பேரானா நம்மூர்லயே பார்க்க முடியும்?"

கணினியைத் தொட்டுப் பழகாத மனிதர் கேட்ட கேள்வி. இந்த விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். வெங்காயம் காய் பிடிக்கிற நேரத்தில் மோட்டார் எரிந்து மூன்று நாள் தண்ணீர் நின்றால் அந்தப் போகம் என்னவாகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் மோட்டார் வாங்கும்போது விலையைப் பிறகுதான் கேட்பார். காயில் கட்டுகிறவர் பக்கத்தில் இருக்கிறாரா, கெப்பாசிட்டர் உள்ளூரில் கிடைக்குமா என்பதை முதலில் விசாரிப்பார்.

பெரம்பலூர் 1995-இல் மாவட்டத் தலைநகரானது. இன்றுவரை ஊருக்கு ரயில் இல்லை. திருச்சி அறுபது கிலோமீட்டர். சென்னைக்கு நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. 2007-இல் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமான அரியலூருக்கு ரயில் உண்டு. ஆனால் பெரிய பழுது என்றால் எங்களுக்கும் திருச்சிதான். வாங்குவதா, பூட்டுவதா என்ற கேள்விக்குப் பெருநகரத்துப் பையன் விலைப்பட்டியலை வைத்துப் பதில் தேடலாம். நம் பையன் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

ஏன் பூட்ட முடிகிறது?

டி.வி.யை யாரும் பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பூட்டுவதில்லை. கணினியை மட்டும் எப்படி முடிகிறது? காரணம் 1981 ஆகஸ்டில் இருக்கிறது. அந்த மாதம் ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. ஓராண்டுக்குள் சந்தைக்கு வர வேண்டும் என்ற அவசரத்தில், எல்லாவற்றையும் தானே செய்யாமல் வெளியில் கிடைத்த பாகங்களைச் சேர்த்தது. பிராசசர் இன்டெலுடையது, இயங்குதளம் மைக்ரோசாஃப்டுடையது. உள்ளமைப்பு விவரங்களையும் புத்தகமாகவே வெளியிட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வேறு நிறுவனங்கள் அதே அமைப்பில் கணினி செய்தன. 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறை வந்த பிறகு, ஒரு நிறுவனத்தின் மதர்போர்டு இன்னொரு நிறுவனத்தின் கேபினட்டில் அளவு மாறாமல் உட்கார்ந்தது.

அந்தத் திறந்த அமைப்பில் பிழைத்த தெருக்களில் ஒன்று சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்திலுள்ள ரிச்சி தெரு. ரேடியோ உதிரிபாகம் விற்ற தெரு, கணினி உதிரிபாகத்துக்கு மாறியது. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் நம் ஊர்களுக்கு வந்த பெரும்பாலான 'அசெம்பிள்டு' சிஸ்டங்களின் பாகங்கள் இப்படிப்பட்ட தெருக்களிலிருந்துதான் பஸ்ஸில் வந்தன.

அக்கா வீட்டின் முதல் கணினி வேறு வழியாக வந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படித்தபோது மூத்த மகளுக்குக் கிடைத்தது. அவளுடைய கல்லூரிப் படிப்பு முழுக்க அதில்தான் நடந்தது. வயதாகி பேட்டரி நின்றதும் அது பரணுக்குப் போனது. பேட்டரியை மட்டும் மாற்றலாம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. மோட்டாரில் எது போனாலும் கழற்றிப் பார்க்கிற வீடு அது.

ஒரே பணம், இரண்டு பெட்டி

நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்திகளாக எழுதினோம். முதலில், என்ன ஆடப் போகிறாய் என்று கேட்டேன். வாலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்றவை எளிய கணினியிலும் ஓடும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன்ற விளையாட்டு 150 ஜி.பி. இடத்தையும், நல்ல கிராபிக்ஸ் கார்டையும் கேட்கும். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் கடைக்குப் போகிறவர் தலையில் கடைக்காரர் விற்க நினைப்பதுதான் விழும்.

அடுத்து, எழுபதாயிரத்துக்குக் கடையில் தயாராக இருக்கும் பெட்டியின் விவரத்தாளை வரிவரியாகப் படித்தோம். பிராசசர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ரேம் எட்டு ஜி.பி., அதுவும் ஒரே குச்சி. இரண்டு குச்சிகளாகப் போட்டால் பிராசசருக்கும் நினைவகத்துக்கும் நடுவே இரண்டு பாதைகள் திறக்கும். ஒன்று மட்டும் போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். எஸ்.எம்.பி.எஸ். எந்த நிறுவனத்துடையது, எத்தனை வாட் என்று தாளில் இல்லவே இல்லை. மொத்தப் பெட்டிக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பாகம் அது. அது கெட்டுப் போகும்போது மற்றதையும் சேர்த்துக் கெடுத்துவிட்டுப் போகலாம். பெயர் சொல்லப்படாத எஸ்.எம்.பி.எஸ். உள்ள பெட்டியை வாங்காதே என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்வேன்.

பூட்டுகிற பத்தியில் எழுதியது: ரைசன் 5 5600 பிராசசர், அதற்கேற்ற பி550 மதர்போர்டு, எட்டு எட்டாகப் பதினாறு ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி., பெயருள்ள 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்., ஆர்.எக்ஸ். 6600 கிராபிக்ஸ் கார்டு. பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிராபிக்ஸ் கார்டுக்கே ஒதுக்கினோம். கேம் ஆடுவதற்கான கணினியில் அதுதான் வேலை செய்கிற மாடு.

தயார்ப் பெட்டிக்கும் நியாயம் உண்டு. ஒரே பில், ஒரே வாரன்டி, கேட்பதற்கு ஒரே ஆள். விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் அதிலேயே சேர்ந்து வரும். நாமே பூட்டினால் அதற்குத் தனிக்காசு. விடுதியில் தங்கிப் படிக்கப் போகிற பிள்ளைக்குக் கேமிங் லேப்டாப்தான் சரி. தேர்வு நெருக்கத்தில் அடுத்த வாரமே கணினி வேண்டும் என்பவரும், திருகாணி பிடிக்க மனமே இல்லாதவரும் தயாராக இருப்பதை வாங்கட்டும். அதில் குறைவு ஒன்றுமில்லை. பழைய கிராபிக்ஸ் கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்றால் மட்டும் நிதானம் வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டால் 'தோண்டுவது' முடிவுக்கு வந்தது. அதுவரை இரவு பகலாக உழைத்த கார்டுகள் பழைய சந்தையில் வந்து இறங்கின.

இன்று இந்தக் கணக்கைப் போடுகிறவர் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2025-இன் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை கடுமையாக ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு விற்றுவந்த தன் குரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. பழைய விலையில் செய்த தயார்ப் பெட்டி கடையில் இருந்தால் இப்போது அதுவே லாபமாகக்கூட இருக்கலாம். விலை வாரத்துக்கு வாரம் மாறும். திண்ணையிலிருந்து வந்த கேள்வி மாறாது.

மண்ணும் மின்சாரமும்

பூட்டுவது என்று முடிவானதும், நானும் அவனும் அரியலூரில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினோம். ரிச்சி தெருவில் நான்கு கடைகளில் விலை கேட்டு, பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டு வாங்கினோம். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் ஜி.எஸ்.டி. பில்லில் ஏறும்வரை நகரவில்லை. பூட்டுகிறவருக்கு வாரன்டி பாகம் பாகமாகத்தான் கிடைக்கும். அந்தப் பில் இல்லையென்றால் அதுவும் இல்லை.

கேபினட்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மட்டும் பெரம்பலூர்க் கடையில் வாங்கச் சொன்னேன். சில நூறு ரூபாய் கூடத்தான் ஆனது. ஆனால் உள்ளூரில் ஒரு கடைக்காரருக்காவது நம்மைத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் சந்தேகம் வந்தால், வேறு எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டிப் பார்க்க அவர்தான் கொடுப்பார்.

இந்தக் கணினி முழு வேகத்தில் ஓடும்போது பிராசசருக்கு 65 வாட், கிராபிக்ஸ் கார்டுக்கு 132 வாட், மானிட்டரும் மற்றதும் சேர்த்து முந்நூறு வாட் என்று வைத்துக்கொண்டோம். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால், கோடையில் இந்த 54-ம் கவனிக்க வேண்டியதுதான். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். அதை விளிம்பில் நிறுத்தாமல் 1000 வி.ஏ. வாங்கினோம்.

வாங்கியதை எல்லாம் பிரிப்பதற்கு முன்பே அக்கா வீட்டுக்காரர் டெஸ்டரை எடுத்துக்கொண்டு அந்த அறையின் பிளக்கைச் சோதித்தார். எர்த் இல்லை. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனையோ. முதல் வேலையாக எர்த் கம்பி இழுத்தார்.

எங்கள் மாவட்டத்துக்கு வந்தால் தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரியலூர் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த நிலம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லால்தான் இங்கே இத்தனை சிமென்ட் ஆலைகள். அந்தக் கல்லின் பொடி லாரிகளின் பின்னால் பறந்து ஜன்னல் வழியே வீட்டுக்குள்ளும் வருகிறது. கணினிக்குள் இருக்கும் மின்விசிறி அதை உறிஞ்சி பிராசசர் கூலரின் இடுக்கில் அப்பும், சூடு வெளியேறாது. அந்த அனுபவத்தில், பெரம்பலூர் வீட்டுக்கும் முன்பக்கம் கழற்றிக் கழுவக்கூடிய வலை உள்ள கேபினட்டைத் தேர்ந்தெடுத்தோம். மேசை மேல் வைத்தோம். மாதம் ஒரு முறை வலையைக் கழுவுவது அவன் பொறுப்பு.

அந்த இரவு

கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தோம். நான் எதையும் தொடவில்லை, சொன்னதோடு சரி. பிராசசரின் அடியில் 1,331 ஊசிகள். மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்தான், தானே இறங்கியது. ரேம் குச்சி இரண்டு பக்கமும் க்ளிக் என்று பூட்டிக்கொண்டது. பாகங்கள் இடம் மாறிப் பொருந்தாதபடி ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு வைத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்ததும் அவன் பயம் போய்விட்டது.

பதினொரு மணிக்கு சுவிட்சைப் போட்டான். மின்விசிறிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது.

அவன் முகம் சுருங்கியது. ரேமை எடுத்து மாட்டினான், கிராபிக்ஸ் கார்டை எடுத்து மாட்டினான். ஒன்றும் வரவில்லை. காரணம் எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லாமல் இருந்தேன். அவன் அப்பா எழுந்து வந்தார்.

"கண்டதையும் கழட்டாத. மோட்டார் ஓடலைன்னா நான் என்ன செய்வேன்? கரண்ட் கம்பத்துல இருந்து ஆரம்பிச்சு, ஃபியூஸ், ஸ்டார்ட்டர், மோட்டார்னு வரிசையாப் போவேன். நீயும் அப்படிப் போ."

பிளக்கிலிருந்து தொடங்கினான். எஸ்.எம்.பி.எஸ்., 24 முள் கேபிள், பிராசசருக்கான எட்டு முள், கிராபிக்ஸ் கார்டுக்கான எட்டு முள். எல்லாம் சரி. கடைசியாக மானிட்டர் கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டே போனான். அது மதர்போர்டின் துளையில் செருகியிருந்தது. 5600 பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. அந்தத் துளைக்குப் படம் வர வழியே இல்லை. கேபிளைக் கீழே, கிராபிக்ஸ் கார்டில் மாற்றிச் செருகினான். திரையில் வெளிச்சம் வந்தது.

அக்கா எழுந்து வந்து, "என்னடா இந்நேரத்துல சத்தம்?" என்று கேட்டாள். அப்பனும் மகனும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான்கு மாதம் கழித்து, ஐப்பசி மழையில் ஓர் இரவு அவனிடமிருந்து போன். "மாமா, திரும்பவும் டிஸ்பிளே வரல." கிளம்பி வரட்டுமா என்றேன். "வேணாம் மாமா. பிளக்குல இருந்து வரிசையாப் பார்த்தேன். ஒரு ரேம் மட்டும் சரியா உட்காரல. கழட்டித் துடைச்சு மாட்டுனேன், வந்துருச்சு. சும்மா சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்." திருச்சிக்குப் போக வேண்டிய அறுபது கிலோமீட்டர் அந்த இரவு மிச்சமானது.

முதல் கணினியைப் பூட்டுங்கள் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான். மிச்சமாகும் பணம் ஓர் ஆண்டு கூடும், ஓர் ஆண்டு குறையும். கழற்றிப் பூட்டிய கைக்கு வந்த பழக்கம் அந்த வீட்டோடு இருக்கும்.

போன வாரம் போயிருந்தபோது பரணிலிருந்த அரசு மடிக்கணினி மேசைக்கு வந்திருந்தது. புது பேட்டரி வாங்கிப் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டியிருக்கிறான். அவனுடைய அக்கா அதில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

(அடுத்த வாரம்: மக்காச்சோளம் அடிக்கும் எந்திரம்)