புது மாநகராட்சி பன்வெல்: வீட்டு வரி வந்தது, தண்ணீர் எப்போது?

மும்பை சி.எஸ்.டி.யில் ஹார்பர் லைன் மின்சார ரெயிலில் ஏறி உட்கார்ந்தால், சுமார் 50 கிலோமீட்டர் தாண்டி அந்தப் பாதை முடிகிற இடம் பன்வெல்.

கொங்கண் பாதையில் தெற்கே போகும் வண்டிகளுக்கோ இதுதான் வாசற்படி. ஜாம்நகரில் இருந்து திருநெல்வேலிக்குப் போகும் விரைவு வண்டி இங்கே நின்று போகிறது. நெல்லை, குமரிச் சீமைக்காரர்கள் மூட்டை முடிச்சுகளுடன் காத்திருக்கும் காட்சியை இந்த நிலையத்தில் காணலாம்.

வண்டி ஏறும் ஊராக மட்டுமே பலருக்குத் தெரிந்த பன்வெல், 2016-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் ஒரு மாநகராட்சி. மராட்டிய மாநிலத்தின் 27-வது மாநகராட்சி. ராய்காட் மாவட்டத்தில் முதலாவது.

பழைய நகரசபைப் பகுதியுடன் சுற்றியிருந்த 29 கிராமங்கள் சேர்க்கப்பட்டன. கார்கர், காமோட்டே, கலம்போலி ஆகிய குடியிருப்புகள் எல்லைக்குள் வந்தன. பரப்பு 110 சதுர கிலோமீட்டர். 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படியே இங்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தனர்.

பழைய ஊர்

பன்வெல் நேற்று முளைத்த ஊர் அல்ல. இங்கு நகரசபை ஏற்பட்டது 1852-ல். மராட்டியத்தின் மிகப் பழைய நகரசபைகளில் இதுவும் ஒன்று. கடலின் கழிமுகம் ஊர் வரை வந்ததால், ஒரு காலத்தில் படகில் சரக்கு ஏற்றும் துறையாகவும் இருந்தது.

வெள்ளையரை எதிர்த்து ஆயுதம் ஏந்திய வாசுதேவ் பல்வந்த் பட்கே பிறந்த சிர்டோன் கிராமம் பன்வெலுக்கு அருகில்தான் இருக்கிறது. நகரின் நாடக அரங்குக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

புனேக்குப் போகும் அதிவேகச் சாலை தொடங்குவது கலம்போலியில். கோவா நெடுஞ்சாலை தொடங்குவது பன்வெலில். கலம்போலி இரும்புச் சந்தைக்கு நாட்டின் பல பாகங்களில் இருந்தும் லாரிகள் வருகின்றன. நாமக்கல், சங்ககிரி லாரிகளும் அவற்றில் உண்டு.

நிலம் கொடுத்தவர்கள்

1970-ல் மராட்டிய அரசு "சிட்கோ" என்ற நகர வளர்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தியது. மும்பையின் நெரிசலைக் குறைக்கக் கடலுக்கு இக்கரையில் நவி மும்பையை உருவாக்குவது திட்டம். தானே, பன்வெல், உரண் தாலுகாக்களில் 95 கிராமங்களின் நிலம் இதற்குக் குறிக்கப்பட்டது.

நெல் வயலும் உப்பளமும் வைத்திருந்த ஆக்ரி, கோளி சமூகத்து மக்கள் நிலத்தை இழந்தனர். கிடைத்த நஷ்ட ஈடு போதாது என்று போராட்டம் வெடித்தது. 1984 ஜனவரி 16, 17 தேதிகளில் உரண் பக்கம் நடந்த துப்பாக்கி சூட்டில் 5 பேர் உயிர் இழந்தனர்.

போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் டி.பா. பாட்டீல். பன்வெல் தொகுதியில் இருந்து பலமுறை சட்டசபைக்குச் சென்றவர். நிலம் கொடுத்தவர்களுக்கு வளர்ச்சி செய்யப்பட்ட மனையாக 12½ சதவீதம் திருப்பித் தரும் திட்டம் அந்தப் போராட்டத்தின் பலன்.

இன்று கார்கரில் அடுக்கு மாடிகளுக்கு நடுவே ஓட்டு வீடுகளும் ஒரு கோவிலும் தெரிந்தால், அதுதான் அந்தப் பழைய கிராமம்.

கட்டியவர் ஒருவர், ஆள்பவர் ஒருவர்

இந்த மாநகராட்சியின் சிக்கலே இங்குதான் ஆரம்பம். கார்கரையும் காமோட்டேயையும் கட்டியது சிட்கோ. மனையை விற்றதும், சாலை போட்டதும், சாக்கடை வெட்டியதும் சிட்கோதான். குடியிருப்போர் அதற்கு "சேவைக் கட்டணம்" செலுத்தி வந்தார்கள்.

மாநகராட்சி பிறந்த அன்றே இந்த வேலைகள் எல்லாம் கை மாறிவிடவில்லை. குப்பை அள்ளுவது முதலாக ஒவ்வொன்றும் படிப்படியாகத்தான் மாறியது. தெரு விளக்கு எரியாவிட்டால் எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது என்பதே மக்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

இந்த நிலையில் 2021-ல் வீடு தேடி வரிச் சீட்டு வந்தது. அந்த ஆண்டுக்கு மட்டும் அல்ல. 2016 அக்டோபர் முதல் உள்ள பாக்கியும் சேர்த்து.

"அந்த ஆண்டுகளுக்குச் சிட்கோவுக்குப் பணம் கட்டிவிட்டோமே, ஒரே சேவைக்கு இரண்டு முறையா?" என்பது குடியிருப்போர் வாதம். சங்கங்கள் கூடின. ஊர்வலம் நடந்தது. வழக்கு மும்பை ஐகோர்ட்டு வரை போனது.

மாநகராட்சி தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அது பிறந்து 9 மாதத்தில், 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. சரக்குகள் மீது மாநகராட்சிகள் வசூலித்த உள்ளாட்சி வரி ஒழிந்தது. சொந்த வருமானம் என்று பெரிதாக மிஞ்சியது வீட்டு வரிதான். அதுவும் வராவிட்டால் சாலை ஏது, ஆஸ்பத்திரி ஏது?

சட்டப்படி வரி பாக்கிக்கு மாதம் 2 சதவீதம் அபராதம் ஏறும். 10 ஆயிரம் ரூபாய் பாக்கியை 4 ஆண்டு கட்டாமல் வைத்தால், அபராதம் மட்டும் 9,600 ரூபாய். கிட்டத்தட்ட அசலுக்குச் சமம். மாதச் சம்பளக்காரருக்கும் ஓய்வூதியக்காரருக்கும் இது தாங்காத சுமை. 2025-ல் அபராதத்தில் பெரும் பகுதியைத் தள்ளுபடி செய்ய மாநகராட்சி முன்வந்தது. தீர்ப்பு தங்கள் பக்கம் வரும் என்று நம்பிக் காத்திருந்தவர்களும், அபராதத்துக்குப் பயந்து முன்பே கட்டி முடித்தவர்களும் ஒரே கட்டிடத்தில் இருந்தார்கள்.

குழாய் வருது, தண்ணீர் போகுது

வரியை விடப் பெரிய பிரச்சினை குடிதண்ணீர்.

பழைய பன்வெலுக்குச் சொந்தமாக ஒரே ஓர் அணை. காடி ஆற்றின் குறுக்கே தேஹரங்கில் 1964-ல் கட்டியது. சின்ன ஊருக்கு என்று கட்டிய அணையில் வண்டலும் சேர்ந்துவிட்டது. கோடை வந்தால் அடி தெரிகிறது.

மீதிக்குப் பாதாளகங்கை ஆற்று நீரை மாநிலக் குடிநீர் வாரியத்திடம் வாங்க வேண்டும். கோபோலியில் டாட்டா நீர்மின் நிலையத்தில் மின்சாரம் எடுத்த பிறகு விடும் தண்ணீர்தான் கோடையில் அந்த ஆற்றை ஓட வைக்கிறது. கார்கருக்குப் பெண் தாலுகாவில் உள்ள ஹேட்டவணே அணையில் இருந்து சிட்கோ தண்ணீர் தருகிறது.

பக்கத்தில் உள்ள நவி மும்பை மாநகராட்சிக்கு இந்தக் கவலை இல்லை. 2002-ல் அது மோர்பே அணையை விலைக்கு வாங்கிக்கொண்டது. அந்த அணை இருப்பது பன்வெல் இருக்கும் அதே ராய்காட் மாவட்டத்தில். அதன் பெரிய குழாய் போவதும் பன்வெல் பக்கமாகத்தான். காமோட்டே போன்ற இடங்களுக்கு அதில் ஒரு பங்கு கிடைக்கிறது. மற்றவர்கள் வீட்டுக்கு லாரித் தண்ணீர்.

நீல நாய்கள்

தலோஜா தொழிற்பேட்டையும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் அங்கு தெரு நாய்கள் நீல நிறமாகத் திரிந்த படம் உலகம் முழுவதும் வெளிவந்தது. ஒரு தொழிற்சாலையின் சாயம்தான் காரணம் என்று கண்டு, மாசு கட்டுப்பாட்டு வாரியம் அதை மூட உத்தரவிட்டது.

அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே காசாடி ஆறு கெட்டுப்போனதைச் சொல்லி வந்தவர்கள் அங்குள்ள மீனவர்கள். வலையில் மீன் இல்லை என்று அவர்கள் சொன்னபோது கேட்காத செய்தி, நாயின் நிறம் மாறியதும் கேட்டது.

விமானமும் வந்தாச்சு

இன்று பன்வெலைச் சுற்றி எல்லாமே வேகம். 2023 நவம்பரில் பேலாப்பூரில் இருந்து கார்கர் வழியாகப் பேந்தர் வரை மெட்ரோ ரெயில் ஓடத் தொடங்கியது. 2024 ஜனவரியில் சிவ்ரி - நாவாசேவா கடல் பாலம் திறந்தது. பன்வெல் தாலுகாவில் 10 கிராமங்களை அப்புறப்படுத்திக் கட்டிய நவி மும்பை விமான நிலையத்தில் 2025 டிசம்பர் 25-ந் தேதி விமானங்கள் பறக்கத் தொடங்கின. நிலத்துக்காகப் போராடிய டி.பா. பாட்டீல் பெயரை அதற்கு வைக்க வேண்டும் என்று மக்கள் திரண்டு கேட்டார்கள். 2022-ல் மாநில சட்டசபையும் தீர்மானம் நிறைவேற்றியது.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வாடகை கட்டி முடியாமல், சேமிப்பைப் போட்டு இங்கு ஒரு வீடு வாங்கி வந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. வீட்டின் விலை ஏறுவதில் அவர்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும் அல்லவா?

மாநகராட்சியின் முதல் தேர்தல் 2017 மே மாதம் 78 இடங்களுக்கு நடந்தது. 2022 ஜூலையில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2026 ஜனவரி 15-ல்தான். இடையில் மூன்றரை ஆண்டுகள் அதிகாரிகள் நிர்வாகம். வரித் தகராறு சூடாக இருந்த காலத்தில், வார்டில் போய்க் கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை.

இப்போது கேட்க ஆள் இருக்கிறார். வரி கேட்கும் உரிமை மாநகராட்சிக்கு உண்டு. அந்த வரிக்குத் தண்ணீர் கேட்கும் உரிமை மக்களுக்கும் உண்டு. சிட்கோவுக்குக் கட்டிய பழைய ரசீதையும், மாநகராட்சிக்குக் கட்டிய புது ரசீதையும் ஒன்றாகப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வது பன்வெல்வாசிகளுக்கு நல்லது.