விதிகளின் சுவை: கவனம் பெறாத சிறு கணினி விளையாட்டுகள்

வீடியோ கேம் பற்றிய பொதுப்பேச்சு தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டு கவலைகளைச் சுற்றியே நடக்கிறது: பிள்ளைகள் மணிக்கணக்கில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் ஒன்று, குடும்பங்களைக் கடனில் தள்ளும் ஆன்லைன் ரம்மி போன்ற பண விளையாட்டுகள் மற்றொன்று. தமிழ்நாடு சட்டப்பேரவை 2022இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியதும், நாடாளுமன்றம் 2025இல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்ததும் இக்கவலையின் நியாயத்தை உணர்த்துகின்றன. ஆயினும் இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்களின் முதலீடோ கட்டளையோ இன்றி, ஒருவரோ சிலரோ தம் சொந்தப் பொறுப்பில் உருவாக்கி வெளியிடும் ‘இண்டி’ விளையாட்டுகளில், அதிலும் குறிப்பாக வியூகம், புதிர், சிமுலேஷன் ஆகிய மூன்று பிரிவுகளில், ஆடுவோரின் சிந்தனையை முதன்மைப்படுத்தும் படைப்புகள் பல உள்ளன. விளம்பரத்திற்குச் செலவிடப் பணமில்லாத காரணத்தால் அவற்றில் மிகப்பல, அவற்றை விரும்பக்கூடியவர்களின் கண்ணில் படாமலேயே போய்விடுகின்றன.

இத்தகைய விளையாட்டுகளுக்கு இயல்பாகவே ரசிகர்களாகத் தக்கவர்கள் தென்சென்னையில் ஏராளம். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரன் 1972இல் தொடங்கிய தால் சதுரங்கக் கழகம், ஆழ்வார்ப்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் அமைந்திருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கியது. அங்கு ஆடிப் பழகிய விஸ்வநாதன் ஆனந்த் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். மயிலாப்பூர் மாட வீதிகளில் நவராத்திரிக் காலத்தில் கொலு பொம்மைகளோடு பல்லாங்குழிப் பலகைகளும் விற்பனைக்கு வருகின்றன. வினிதா சித்தார்த்தா சென்னையில் நிறுவிய ‘க்ரீடா’ அமைப்பு ஆடுபுலி ஆட்டம், தாயக்கட்டம், பரமபதம் முதலியவற்றை மீண்டும் வீடுகளுக்குக் கொண்டுவர இரண்டு பத்தாண்டுகளாக உழைத்து வருகிறது. மூளைக்கு வேலை தரும் ஆட்டத்தின் அருமையை உணர்ந்த ஊர் இது. அந்த அருமை கணினித் திரையிலும் கிடைக்கிறது என்ற செய்தி மட்டுமே இங்குப் போதிய அளவு பரவவில்லை.

ஒரு விளையாட்டின் மதிப்பு அதன் படங்களின் பளபளப்பில் இல்லை, அதன் விதிகளில் இருக்கிறது என்பதை ஆடுபுலி ஆட்டமே தெளிவாகக் காட்டுகிறது. தமிழகக் கோயில் மண்டபங்களின் கல்தரைகளில் கீறப்பட்டுக் காணப்படும் இந்த ஆட்டத்தில், பரவலாக வழங்கும் வடிவத்தின்படி, 23 புள்ளிகளும் 3 புலிகளும் 15 ஆடுகளும் உண்டு. புலி, தன்னை அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி அதற்கு நேர் பின்னே இருக்கும் வெற்றிடத்தில் குதித்தால் அந்த ஆடு வெட்டுப்படும். ஆட்டுக்கோ எதையும் வெட்டும் ஆற்றல் இல்லை, புலிகள் நகர முடியாதபடி சூழ்ந்து அடைப்பதே அதன் வெற்றி. இரு தரப்புக்கும் வெவ்வேறு ஆற்றலும் வெவ்வேறு இலக்கும் தரப்பட்டிருப்பதால், வலிமை மிக்க சிலரை வலிமை குறைந்த பலர் கூடி அடக்குவது எப்படி என்ற கேள்வியை ஆடுபவர் தம் கையாலேயே ஆராய நேர்கிறது.

வியூக விளையாட்டு என்பது இவ்வாறு, முன்கூட்டியே திட்டமிட்டு வளங்களையும் காய்களையும் நகர்த்தி வெல்வதை மையமாகக் கொண்ட விளையாட்டாகும். இவ்வகையில் மேத்யூ டேவிஸ், ஜஸ்டின் மா ஆகிய இருவரின் சப்செட் கேம்ஸ் 2018இல் வெளியிட்ட ‘இன்டு தி பிரீச்’ சதுரங்கம் அறிந்தவருக்கு உடனே பிடிபடக்கூடியது. சதுரங்கப் பலகையைப் போலவே எட்டுக்கு எட்டு என்ற கட்டங்களில் நடக்கும் இந்த ஆட்டத்தில், எதிரிகள் அடுத்து எந்தக் கட்டத்தைத் தாக்கப் போகிறார்கள் என்பது முன்னதாகவே திரையில் காட்டப்பட்டுவிடும். ஆடுபவரிடம் இருப்பவை பெரும்பாலும் மூன்று இயந்திரங்களே. எதிரியை அழிப்பது எல்லா வேளையிலும் இயலாது. ஆனால் அதை ஒரு கட்டம் தள்ளிவிட்டால், குடியிருப்பின் மீது விழவேண்டிய அடி இன்னொரு எதிரியின் மீது விழும். தகவல் எதுவும் மறைக்கப்படாததால், தோல்விக்கு அதிர்ஷ்டத்தைக் குறைகூற வழியில்லை என்பதும், ஒவ்வொரு நகர்வும் யாரைக் காப்பது, யாரைக் கைவிடுவது என்ற தீர்மானமாக மாறுவதும் இதன் சிறப்பு.

சிமுலேஷன் என்பது உண்மை உலகின் ஓர் அமைப்பை, அது இயங்கும் முறையை மட்டும் சுருக்கியெடுத்து, கணினிக்குள் இயக்கிக் காட்டும் வகையாகும். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காகச் சாலைகள் தோண்டப்பட்டு, பாதைகள் திருப்பிவிடப்பட்ட காலத்தைக் கடந்து வந்த சென்னைவாசிகளுக்கு, நியூசிலாந்தின் டைனோசர் போலோ கிளப் 2015இல் வெளியிட்ட ‘மினி மெட்ரோ’ தனிப்பட்ட பொருளுடையதாகும். வெள்ளைத் திரையில் வட்டம், முக்கோணம், சதுரம் என்ற வடிவங்களில் நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும். முக்கோண வடிவப் பயணி ஏதேனும் ஒரு முக்கோண நிலையத்திற்குச் செல்ல வேண்டும் என்பதே விதி. ஆடுபவர் கோடு வரைந்து நிலையங்களை இணைக்கிறார். வாரந்தோறும் ஒரு புதிய ரயிலும், கூடுதல் பெட்டி, புதிய வழித்தடம், ஆற்றைக் கடக்கும் சுரங்கம் போன்றவற்றில் ஏதேனும் ஒன்றும் கிடைக்கும். ஏதாவதொரு நிலையத்தில் கூட்டம் அளவு மீறி நீண்ட நேரம் தேங்கினால் ஆட்டம் முடிந்துவிடும்.

இந்த எளிய ஏற்பாட்டை அரைமணி நேரம் ஆடியவருக்கு, கலங்கரை விளக்கத்திலிருந்து பனகல் பூங்கா வழியாகப் பூந்தமல்லி செல்லும் தடமும், மாதவரத்திலிருந்து அடையாறு வழியாகச் சிறுசேரி செல்லும் தடமும் திருமயிலையில் ஏன் சந்திக்க வேண்டும் என்பது புதிய தெளிவோடு விளங்கும். தடங்கள் சந்திக்கும் நிலையம் பயணிகளின் சுற்றுவழியைக் குறைக்கிறது. அதே வேளையில் நகரத்தின் கூட்டத்தையெல்லாம் தன்னை நோக்கி இழுத்து நெரிசலின் மையமாகவும் மாறுகிறது. கிரீன்வேஸ் சாலைக்கும் அடையாறுக்கும் இடையே ஆற்றின் அடியில் சுரங்கம் குடைவது எவ்வளவு அரிய வளத்தைச் செலவிடும் முடிவு என்பதும், சுரங்கங்கள் எண்ணிக்கையில் குறைவாகவே தரப்படும் இந்த ஆட்டத்தில் அனுபவமாகவே உணரப்படுகிறது. கட்டுரைகளும் வரைபடங்களும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதைச் செய்து பார்த்தே அறியச் செய்யும் ஆற்றல் சிமுலேஷன் விளையாட்டுகளுக்கு உரிய தனித்தன்மையாகும்.

புதிர் விளையாட்டுகளில் வேகத்திற்கும் கைத்திறனுக்கும் இடம் குறைவு. விதியைப் புரிந்துகொண்டு, அதிலிருந்து விளையும் எதிர்பாராத முடிவைக் கண்டுபிடிப்பதே அவற்றின் சுவை. ஃபின்லாந்தைச் சேர்ந்த அர்வி டெய்காரி 2017இல் ஒரு குறுகிய கால விளையாட்டு உருவாக்கப் போட்டிக்காகச் செய்த முன்மாதிரியிலிருந்து வளர்ந்து, 2019இல் முழு வடிவில் வெளிவந்த ‘பாபா இஸ் யூ’ இதற்கு மிகச் சிறந்த சான்று. இதில் விதிகளே திரையில் சொற்கட்டைகளாகக் கிடக்கின்றன. சுவர் தடையாகும் என்று பொருள்படும் மூன்று கட்டைகள் ஒரே வரிசையில் இருக்கும்வரை சுவரைக் கடக்க முடியாது. அவற்றுள் ஒன்றைத் தள்ளி வரிசையைக் கலைத்துவிட்டால், அந்த நொடியிலேயே சுவர் வெறும் படமாகிவிடும், அதனூடே நடந்து செல்லலாம். கொடியைத் தொட்டால் வெற்றி என்ற விதியில் கொடிக்குப் பதிலாகச் சுவர் என்ற கட்டையைச் செருகினால், அருகிலிருக்கும் சுவரைத் தொட்டே வெல்லலாம். மாற்ற முடியாதது என்று நாம் எடுத்துக்கொண்ட ஒன்று உண்மையிலேயே அப்படித்தானா என்று ஒவ்வொரு கட்டமும் கேட்கிறது.

தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமான புதிர் விளையாட்டு, கனடாவின் டொரண்டோ நகரிலிருந்து இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’. 1980களில் கனடாவில் குடியேறும் வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கு பிறந்து வளரும் மகன் கவின் ஆகியோரின் வாழ்க்கையைச் சமையலின் வழியாகச் சொல்லும் இந்த ஆட்டம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அம்மாவிடமிருந்து வந்த சமையல் குறிப்பேட்டில் சில வரிகள் அழிந்தும் சில பகுதிகள் கிழிந்தும் போயிருக்கின்றன. விடுபட்ட செய்முறையை ஊகித்து முடிப்பதே புதிர். இட்லித் தட்டுகளை எந்த முறையில் அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் சென்று சேரும், புட்டுக் குழலுக்குள் எதை முதலில் போட்டு எதை அடுத்துப் போட வேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்கு, சமையலறையில் நின்று பழகியவர் உடனே விடை காண்பார். பழகாதவர் தவறிச் செய்து, மீண்டும் முயன்று கற்றுக்கொள்வார். தவறுக்குத் தண்டனை இல்லை. குறிப்பேட்டின் இடைவெளியை நிரப்பும் வேலையும், தாய்க்கும் மகனுக்கும் இடையே மொழியாலும் ஊராலும் விழுந்த இடைவெளியை நிரப்பும் வேலையும் ஒன்றாகவே நடக்கின்றன என்பதால், இங்கே விதியே கதையைச் சொல்லிவிடுகிறது. வெவ்வேறு காலத் தமிழ்த் திரையிசையின் பாணியில் புதிதாக அமைக்கப்பட்ட பாடல்கள் சமைக்கும்போது ஒலிக்கின்றன. இண்டி உலகின் உயரிய விருதாகக் கருதப்படும் சியூமஸ் மெக்னாலி பெரும்பரிசையும், சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதையும் ‘வெண்பா’ 2024இல் பெற்றது. இவ்வளவுக்குப் பிறகும் அதன் பெயரைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பங்களே மிகுதி என்பது வருத்தத்திற்குரியது.

இத்தகைய படைப்புகள் ஏன் மறைந்து கிடக்கின்றன என்பதற்குக் காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. கணினி விளையாட்டுகளுக்கான மிகப்பெரிய இணையக் கடையான ஸ்டீமில் 2023இல் மட்டும் 14,000க்கும் மேற்பட்ட புதிய விளையாட்டுகள் வெளிவந்தன. 2024இல் அது 18,000ஐத் தாண்டியது. கடையின் முகப்பு, பலர் ஏற்கெனவே வாங்குவதையே மேலும் பலருக்குக் காட்டும் இயல்புடையது. செல்பேசிக் கடைகளிலோ, இலவசமாகக் கிடைத்து, விளம்பரங்களாலும் ஆட்டத்தின் நடுவே விற்கும் பொருள்களாலும் பணம் ஈட்டும் விளையாட்டுகளே முன்வரிசையை நிறைக்கின்றன. ஆகவே நல்ல விளையாட்டு தானாக வந்து சேரும் என்று காத்திருப்பதில் பயனில்லை, தேடித்தான் அடைய வேண்டும்.

தேடலுக்கு நம்பத்தகுந்த வழிகள் சில உள்ளன. முதலாவது, அறிந்தவர்கள் ஆடிப்பார்த்துத் தேர்ந்த பட்டியல்கள்: இண்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல் என்னும் விழா ஆண்டுதோறும் வெளியிடும் இறுதிச்சுற்றுப் பட்டியலில், பரிசு பெற்றவற்றைவிடப் பரிசு பெறாதவற்றில்தான் புதையல் மிகுதி. இரண்டாவது, படைப்பாளியைத் தொடர்வது: ஒரு நாவல் பிடித்துவிட்டால் அந்த எழுத்தாளரின் பிற நூல்களைத் தேடுவது போல, ஒரு புதிரை ரசித்தவர் அதை ஆக்கியவரின் முந்தைய ஆக்கங்களைத் தேடலாம். மூன்றாவது, முன்னோட்டப் பதிப்புகள்: ஆண்டுக்கு மூன்று முறை நடக்கும் ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்டில், வரவிருக்கும் விளையாட்டுகளின் தொடக்கப் பகுதியை இலவசமாக ஆடிப் பார்க்கலாம். நான்காவது, 2013இல் தொடங்கப்பட்ட இட்ச் தளம். மாணவர்களும் தனியாள்களும் தம் சோதனை முயற்சிகளை வைக்கும் அங்கு, இலவசமாகவோ விரும்பிய தொகைக்கோ கிடைப்பவை பல. ஸ்டீமில் வாங்கியது மனநிறைவு தராவிட்டால், 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆடாத நிலையில், பணத்தைத் திரும்பக் கேட்கும் வசதியும் உண்டு.

கிடைத்ததைத் தரம்பிரிக்கவும் ஓர் அளவுகோல் வேண்டும். இந்த விளையாட்டு தம்மை என்ன முடிவை எடுக்கச் சொல்கிறது என்று ஆடுபவர் பத்து நிமிடம் கழித்துத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம். கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்தால் அந்த ஆட்டம் தொடரத் தக்கது. தினமும் வந்து பரிசுப் பெட்டியைத் திற, காத்திராமல் இருக்கப் பணம் கட்டு என்பவை மட்டுமே விடையாக அமைந்தால் அது கைவிடத் தக்கது. பெற்றோர்கள் இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், விளையாடாதே என்று தடுப்பதற்கு மாறாக, எதை விளையாடலாம் என்று பிள்ளைகளோடு சேர்ந்து தீர்மானிக்க முடியும். இவ்விளையாட்டுகளில் பல ஒரு மாலையிலோ சில வாரங்களிலோ முடிந்துவிடுபவை என்பதால், முடிவில்லாமல் இழுத்துச் செல்லும் பழக்கத்திற்கும் அவற்றில் இடம் குறைவு.

தமிழில் ஆடக்கூடிய இண்டி விளையாட்டுகள் மிகக் குறைவாக இருப்பது பெருங்குறை. அதை நீக்க வேண்டியவர்கள் இன்று கல்லூரிகளில் நிரல் எழுதவும் படம் வரையவும் கற்றுக்கொண்டிருக்கும் இளைஞர்கள்; ஆடுபுலியின் சமனற்ற போரும் பல்லாங்குழியின் கணக்கும் அவர்களுக்குக் கிடைத்துள்ள ஆயத்தமான மூலப்பொருள்கள். இலண்டனைச் சேர்ந்த புதிர் வடிவமைப்பாளர் ஆலன் ஹேசல்டனின் நிறுவனம், போதிய வாய்ப்புக் கிடைக்காத பின்னணிகளிலிருந்து வரும் புதிய புதிர்ப் படைப்பாளிகளுக்கு நிதியுதவி அளிப்பது போன்ற முயற்சிகள் உலகில் நடைபெறுகின்றன. தமிழ் அமைப்புகளும் இவ்வழியில் சிந்திக்கலாம். கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற பொது இடங்களில், தேர்ந்தெடுத்த சில விளையாட்டுகளை மாதம் ஒரு மாலை பலரும் ஆடிப்பார்க்கவும் விவாதிக்கவும் ஏற்பாடு செய்வதற்கு ஒரு திரையும் சில கணினிகளும் போதும். சிறு குழுவின் உழைப்பில் உருவான ஒரு விளையாட்டை விலை கொடுத்து வாங்கி, ஆடி முடித்து, இன்னும் இரண்டு பேருக்கு எடுத்துச் சொல்லும் ஒவ்வொருவரும், அக்குழு அடுத்த படைப்பைத் தொடங்குவதற்கான துணிவை அளிக்கிறார்.