மணியாச்சியில் பத்து நிமிஷம்!

நெல்லைக்காரர்களுக்கு மணியாச்சி ஓர் ஊர் இல்லை, ஒரு பதில். "எங்க வந்துட்டு இருக்கீங்க?" என்று வீட்டிலிருந்து போன் வரும். "மணியாச்சியில போட்டுட்டான்" என்போம். அதற்குமேல் வீட்டில் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள்!

நெல்லையிலிருந்தும் சுமார் 30 கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்தும் அதே சுமார் 30. சுற்றிலும் கரிசல் காடு, உடைமரம், வெயில். தாமிரபரணித் தண்ணியில் வளர்ந்த என் போன்றவனுக்குப் பார்த்தாலே நாக்கு வறளும். இந்தப் பொட்டலில் எதற்கு ஒரு ஜங்ஷன்?

எல்லாம் கடலுக்காக. 1876-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் மெயின் லைனை நேராகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கப்பல் ஏறினால் கொழும்பு. கலெக்டர் உட்கார்ந்திருக்கும் திருநெல்வேலிக்குக் கிடைத்தது வெறும் கிளைப்பாதை. ஆக, நெல்லையிலிருந்து வடக்கே போகிறவர் கலெக்டர் துரையே ஆனாலும், மணியாச்சிக்கு வந்து போட் மெயிலுக்காகத் தேவுடு காக்க வேண்டியதுதான்.

இங்கே முதலில் வந்த பெரிய மனிதர் ஓர் இளவரசர். 1875 டிசம்பரில் விக்டோரியா மகாராணியின் மூத்த மகன் எட்வர்ட், கொழும்பிலிருந்து தூத்துக்குடியில் இறங்கி ரயிலில் வந்தார். கால்டுவெல், சார்ஜென்ட் பாதிரிமார்கள் ஜனங்களைத் திரட்டி மணியாச்சியில் ஏக வரவேற்பு கொடுத்தார்கள்.

35 வருஷம் போயிற்று. அந்த எட்வர்டின் மகன் ஐந்தாம் ஜார்ஜுக்கு லண்டனில் முடிசூட்டு விழா. அதற்குச் சரியாக ஐந்து நாள் முன்பு, 1911 ஜூன் 17, சனிக்கிழமை. கலெக்டர் ஆஷ், மனைவி மேரியோடு நெல்லையில் ரயில் ஏறினார். கொடைக்கானலில் இருந்த நாலு பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார். 10.38-க்கு வண்டி மணியாச்சியில் நின்றது. போட் மெயில் வரவேண்டியது 10.48-க்கு.

நடுவில் பத்தே பத்து நிமிஷம். முதல் வகுப்புப் பெட்டிக்குள் ஓர் இளைஞர் ஏறினார். செங்கோட்டை வாஞ்சிநாதன். புனலூரில் காட்டிலாகா உத்தியோகம். அதாவது, உங்களையும் என்னையும் போல ஓர் ஆபீஸ் ஆசாமி. வயது 25. பிரௌனிங் துப்பாக்கி வெடித்தது. பிளாட்பாரத்தில் ஓடிய வாஞ்சி, கழிவறைக்குள் புகுந்து தன்னையே சுட்டுக்கொண்டார். சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டலைக் கண்டித்து எழுதியிருந்தார். ஆஷை அதே பாதையில் நெல்லைக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியை நசுக்கியவர் என்ற கோபம் ஆஷ் மேல் நெல்லைச் சீமைக்கே இருந்தது. வாஞ்சியின் கடிதத்தில் மதம், ஜாதி வாடையும் உண்டு. அதை வைத்து இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். எனக்கென்னவோ கொடைக்கானலில் காத்திருந்த அந்த நாலு பிள்ளைகளும், இளம் வயதில் புருஷனை இழந்த பொன்னம்மாளும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கு எந்தப் பலகையிலும் பெயர் இல்லை.

மூன்றே வருஷத்தில் மணியாச்சியின் பவிசு போயிற்று. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பிவிட்டது. 1981-ல் நாகர்கோவில் – நெல்லை பாதை வந்தது. பிறகு அகலப்பாதையும் வர, கன்னியாகுமரி வண்டிகளெல்லாம் நெல்லை வழியாக ஓட ஆரம்பித்தன. மெயின் லைனாக இருந்த தூத்துக்குடி இப்போது கிளை. கிளையாக இருந்த நாம்தான் மெயின்!

ஸ்டேஷன் பெயரை 'வாஞ்சி மணியாச்சி' என்று மாற்றியாகிவிட்டது. போர்டில் அப்படித்தான் இருக்கிறது. நம்ம ஆட்கள் வாயில் மட்டும் இன்னமும் வெறும் மணியாச்சிதான்.