பூட்டிய கிடங்கும் பாழடைந்த பங்களாவும்

திருவனந்தபுரத்தில் நண்பர் ஒருவரின் இல்லத்தில், ‘பான்ஸ் லேபிரிந்த்’ என்னும் ஸ்பானிய மொழித் திரைப்படத்தை அண்மையில் கண்டோம். மெக்சிகோ நாட்டு இயக்குநர் கியேர்மோ டெல் டோரோவின் படைப்பு. 2006இல் வெளிவந்து மூன்று ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. மறுநாள் போனக்காட்டுக்குச் செல்வதாக இருந்தோம். அங்குள்ள ‘பேய் பங்களா’வைப் பார்க்குமுன் இப்படத்தைக் காண வேண்டும் என்பது நண்பரின் விருப்பம்.

கதை நிகழும் ஆண்டு 1944. பிராங்கோவின் ஆட்சியை எதிர்ப்போரை வேட்டையாட மலைப்பகுதியில் முகாமிட்டிருக்கிறான் கேப்டன் விடால். அவனை மணந்த தாயுடன் அங்கு வந்து சேர்கிறாள் ஒஃபேலியா என்னும் சிறுமி. கொம்புகளுடைய விசித்திர உருவம் ஒன்று, அவள் பாதாள உலகின் இளவரசி என்று கூறி மூன்று சோதனைகளை விதிக்கிறது. ஒரு சோதனையில், உள்ளங்கைகளில் கண்களைக் கொண்ட பூதம், விருந்து நிறைந்த மேசையின் முன் அசைவற்று அமர்ந்திருக்கிறது. எச்சரிக்கையை மீறிச் சிறுமி திராட்சையை உண்டதும் அது விழித்தெழுகிறது. அக்காட்சியில் நடுங்கிப்போனோம்.

ஆயினும் அன்றிரவு எங்கள் உறக்கத்தைக் கெடுத்தது பூதமன்று. உணவுக் கிடங்கின் சாவியைக் கேட்டு வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்கும் மக்களுக்கு ரொட்டியை அளந்து கொடுக்கச் செய்யும் விடாலே கெடுத்தான்.

மறுநாள் விதுரா வழியாக மலையேறினோம். அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் உள்ள போனக்காடு, ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டம். அங்கு வாழ்ந்த வெள்ளைக்காரத் துரையின் மகள் மர்மமாக இறந்தாள் என்றும், அவளுடைய ஆவி பங்களாவில் உலவுகிறது என்றும் கதை வழங்குகிறது. அதைக் கேட்டே பலர் வருகின்றனர். கூரையிழந்த அச்சுவர்களிடையே நாங்கள் கண்டது, முன்பு வந்தோர் கிறுக்கிய பெயர்களை மட்டுமே.

பேய்க்கதை சொல்லாத செய்தி, பங்களாவுக்கு வெளியே இருந்தது. தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து, இயந்திரங்கள் துருவேறிக் கிடக்கின்றன. தமிழகத்திலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் பலர் கொழுந்து பறித்த தோட்டம் இது. தோட்டம் நலிந்தபின் கூலியும் பணிக்கொடையும் நிலுவையாக நிற்க, ஒழுகும் லயங்களில் குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. தோட்டத் தொழிலாளருக்கு வீடும் மருத்துவமும் தருவது நிர்வாகத்தின் கடமை என்று 1951இலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஐந்தாண்டுப் பணி முடித்தோருக்கு, ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை வழங்க 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. உழைத்து ஈட்டிய பணம் கைக்கு வராமற்போவதும் பூட்டிய கிடங்கு போன்றதே.

படத்தில் மெர்சிடிஸ் என்னும் பணிப்பெண், அக்கிடங்குக்கு மற்றொரு சாவியை ஒளித்து வைத்திருப்பாள். மலையிறங்கும் வழியில் எங்கள் பேச்சு முழுவதும் அந்தச் சாவியைப் பற்றியே இருந்தது. பேயைப் பற்றி நண்பரும் மறந்தே போனார்.